டபுள் கிளிக் செய்தால் எது திறக்கணும்? வீட்டுக் கணினிக்கு வீடியோ பிளேயர் அமைக்கும் வழி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டி சேலத்தில் எனக்குத் தெரிந்த பல வீடுகளிலும் கடைகளிலும் பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஏறிவிட்டது. கொஞ்சம் புதிய கணினிகள் விண்டோஸ் 11-க்குப் போய்விட்டன. மாற்றிய கையோடு வரும் முதல் கேள்வி பெரும்பாலும் வீடியோ பற்றித்தான். "ஏங்க, கல்யாண வீடியோ முன்ன நல்லா ஓடுச்சு, இப்ப சத்தம் மட்டும் வருது, படத்தைக் காணோமே?"

இதற்கு யாராவது ஒரு பிளேயரின் பெயரைச் சொல்லி, அதைப் போட்டுக்கோங்க என்று முடித்துவிடுவார்கள். சில வீடுகளில் அது போதும். பல வீடுகளில் போதாது. எந்த பிளேயர் சிறந்தது என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். டீஃபால்ட் பிளேயர் என்பது, கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் கோப்பின் மேல் டபுள் கிளிக் செய்யும்போது திறப்பது. அம்மாவோ, தாத்தாவோ, கடையில் வேலை செய்யும் தம்பியோ யாரையும் கூப்பிடாமல் படம் பார்க்க முடியணும். உங்களுக்குப் பிடித்த பிளேயர் வேறாக இருந்தால் அதையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஒரே கணினியில் மூன்று பிளேயர் இருந்தாலும் ஒன்றை ஒன்று கெடுக்காது. டீஃபால்ட்டாக வைப்பதை மட்டும் உங்கள் கோப்புகளையும் உங்கள் கணினியையும் வைத்துச் சோதித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

முதல் படி: வீட்டில் என்னென்ன வீடியோ இருக்கிறது?

பிளேயரைத் தேடும் முன் கோப்புகளைத் தேடுங்கள். நம் ஊர் வீடுகளில் சாதாரணமாக இருப்பவை இவை: ஸ்டூடியோ கொடுத்த கல்யாண, காதுகுத்து வீடியோ உள்ள பென்டிரைவ். அதற்கு முந்தைய தலைமுறையின் கல்யாண டிவிடி, விசிடி. போனில் எடுத்த கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, ஏற்காடு கோடை விழாக் காட்சிகள். பிள்ளைகளின் பாட வீடியோக்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையோ அம்மாப்பேட்டை ஜவுளிக்கடையோ நடத்துபவர் என்றால் சிசிடிவி பதிவும் சேரும்.

ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பை எடுத்து 'சோதனை' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பிறகு எந்த பிளேயரை நிறுவினாலும் இந்த ஃபோல்டரில் உள்ளவற்றை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி என்று கோப்பின் வாலில் இருப்பது வெறும் கூடைதான். கூடையைப் பார்த்து உள்ளே மல்கோவாவா, குண்டு மாங்காயா என்று சொல்ல முடியாது. உள்ளே படத்தைச் சுருக்கி வைத்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். இரண்டு கோப்புகளுமே எம்பி4-ஆக இருந்து, ஒன்று ஓடி இன்னொன்று ஓடாமல் போவதற்குக் காரணம் இதுதான். இன்று அதிகம் கண்ணில் படுவது மூன்று: 2003-இல் வந்த ஹெச்.264, 2013-இல் வந்த ஹெச்.265, 2018-இல் வந்த ஏவி1. ஹெச்.265-ஐ ஹெச்ஈவிசி என்றும் சொல்வார்கள். புதிய போன்களும் 4கே வீடியோ தரும் ஸ்டூடியோக்களும் இடம் மிச்சமாகும் என்பதற்காக ஹெச்.265-ஐப் பயன்படுத்துவது உண்டு. சண்டை பெரும்பாலும் இதனோடுதான்.

ஒலிக்கும் தனிக் கோடெக் உண்டு. படம் ஓடிச் சத்தம் வராததற்கும், சத்தம் வந்து படம் வராததற்கும் காரணம் ஒன்றே: பிளேயருக்கு இரண்டில் ஒரு கோடெக் கிடைக்கவில்லை.

கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, வி.எல்.சி. பிளேயரில் வீடியோ ஓடும்போது கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். எம்பிவி பிளேயரில் ஐ எழுத்தை அழுத்தினால் போதும், படத்தின் மேலேயே விவரம் வரும். உங்கள் ஐந்தாறு சோதனைக் கோப்புகளுக்கும் கோடெக்கை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கணினிக்கு எவ்வளவு தெம்பு?

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், பிறகு பிளேயரைத் திட்டுகிறார்கள். வீடியோவை விரித்துக் காட்டும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. அந்தப் பகுதிக்கு உங்கள் கோடெக் தெரிந்திருந்தால் 4கே வீடியோகூட அலுங்காமல் ஓடும். தெரியாவிட்டால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். விசிறி இரையும், படம் திக்கித் திக்கி ஓடும், உதட்டசைவு ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் போகும்.

இன்டெல் பிராசசர் என்றால் எண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஐ3-4130 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 4 என்பது நான்காம் தலைமுறை. அந்தத் தலைமுறைக்கு ஹெச்.264 சுலபம், ஹெச்.265-ஐ முழுதாக ஏற்கும் தனிப்பகுதி கிடையாது. ஆறாம் தலைமுறையிலிருந்து சாதாரண 8 பிட் (நிற நுணுக்க அளவு) ஹெச்.265 ஓடும். 10 பிட் என்றால் ஏழாம் தலைமுறை வேண்டும். ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாட வீடியோவுக்கும் பழைய படத்துக்கும் அவை தாராளம். 4கே ஹெச்.265 கல்யாண வீடியோவை அவற்றில் ஓட்டச் சொல்வது நியாயமில்லை.

சோதிப்பது எளிது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், லினக்ஸில் சிஸ்டம் மானிட்டர். அதைத் திறந்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய வீடியோவை ஓட்டுங்கள். பிராசசர் அளவு 100 சதவீதத்தை ஒட்டியே நின்றால் தனிப்பகுதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வி.எல்.சி.யில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் போய் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா பாருங்கள். எம்பிவி-யில் கன்ட்ரோலும் ஹெச்-உம் சேர்த்து அழுத்தினால் அது இயங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இரண்டு நிலையிலும் பிராசசர் அளவைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

எதுவும் மாறவில்லை என்றால் சிப்புக்கே அந்தக் கோடெக் தெரியாது. பிளேயர் மாற்றிப் பயன் கொஞ்சம்தான். அப்போது செய்யவேண்டியது வேறு: ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியில் அந்த வீடியோவை 1080 அளவு ஹெச்.264-ஆக ஒரு பிரதி எடுங்கள். 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தயார் அமைப்பே போதும். பழைய கணினியில் இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். மூலக்கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். நாளைக்கு நல்ல டிவியோ கணினியோ வரும்போது அதுதான் வேண்டும்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். திக்குவது சில சமயம் பென்டிரைவின் வேலை. மலிவான பென்டிரைவ்களில் படிக்கும் வேகமே குறைவு. கோப்பைக் கணினிக்குள் நகல் எடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்போது சரியாக ஓடினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: எந்தெந்த பிளேயர்களைச் சோதிப்பது?

ஊரில் உள்ள எல்லா பிளேயரையும் இறக்க வேண்டாம். கணினியோடு வந்தது ஒன்று, வெளியிலிருந்து ஒன்று, இரண்டு போதும்.

வி.எல்.சி.யை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதன் பலம் தெளிவானது. 1996-இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வீடியோலேன் திட்டத்தில் பிறந்தது. 2001-லிருந்து கட்டற்ற மென்பொருள். விளம்பரம் கிடையாது, காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ், போன் எல்லாவற்றிலும் ஓடும். விண்டோஸில் அதன் ஒரே ஒரு நிறுவல் கோப்புக்குள்ளேயே வேண்டிய கோடெக்குகள் எல்லாம் இருக்கின்றன. இது மலைமேல் இருப்பவர்களுக்குப் பெரிய விஷயம். ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் இணையம் எல்லா நேரமும் நம்பும்படி இருப்பதில்லை, மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். கீழே சேலத்தில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போனால் அங்கே இணையமே இல்லாமல் நிறுவிவிடலாம். டிவிடி மெனு, விசிடி, பாதியில் அறுந்துபோன கோப்பு என்று எதைக் கொடுத்தாலும் முடிந்தவரை ஓட்டிப் பார்க்கும் பிளேயர் அது.

எம்பிவி வேறு சுபாவம். பழைய எம்பிளேயர் வம்சத்தில் வந்தது. திறந்தால் பொத்தான்கள் அதிகம் இருக்காது, எல்லாம் விசைப்பலகையில்தான். பழைய கணினியில் லேசாக ஓடும், படத்தின் தரம் அருமையாக இருக்கும். ஆனால் மெனு தேடும் பெரியவர்களுக்கு இதை டீஃபால்ட்டாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்கு இதே எம்பிவி-யை உள்ளே வைத்து, வெளியே பொத்தான்கள் கொடுத்த செயலிகள் இருக்கின்றன. லினக்ஸ் மின்ட்டில் வரும் செல்லுலாய்டு அப்படித்தான். 2019 டிசம்பரில் வந்த மின்ட் 19.3-லிருந்து அதுதான் அங்கே டீஃபால்ட். லினக்ஸின் கேடிஇ டெஸ்க்டாப்பில் (அதாவது திரை அமைப்பில்) ஹருணா, மேக்கில் ஐஐஎன்ஏ, விண்டோஸிலும் லினக்ஸிலும் எஸ்எம்பிளேயர். எஸ்எம்பிளேயர் ஒவ்வொரு கோப்பையும் எங்கே விட்டோம் என்று தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

லினக்ஸின் இன்னொரு திரை அமைப்பான க்னோம் டெஸ்க்டாப்பில் நீண்ட காலம் டோட்டம் என்ற பிளேயர் இருந்தது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49-இல் அதன் இடத்துக்கு ஷோடைம் வந்துவிட்டது. பார்க்க அழகு, பொத்தான்கள் பெரிது, ஒரு வீடியோ பார்த்து மூடுபவர்களுக்குப் போதும். இவை இரண்டும் ஜிஸ்ட்ரீமர் என்ற அடித்தளத்தை நம்பி ஓடுபவை. கோடெக் பொதிகள் கணினியில் இல்லாவிட்டால் பிளேயர் கைவிரித்துவிடும். உபுண்டு (இன்னொரு லினக்ஸ் வகை), மின்ட் இரண்டிலும் நிறுவும்போதே மல்டிமீடியா கோடெக்குகள் வேண்டுமா என்று ஒரு சதுரக் கட்டம் கேட்கும். அதில் டிக் போடுங்கள். இணையம் நன்றாக உள்ள இடத்தில் கணினியை வைத்து நிறுவுவது நல்லது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை காப்புரிமைச் சிக்கல் காரணமாகச் சில கோடெக்குகளை விட்டுவிட்டே வரும், ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்துத்தான் அவற்றை எடுக்கணும். புதிதாக வருபவர் மின்ட்டிலிருந்து தொடங்குவதே நிம்மதி.

விண்டோஸ் 11-இல் மீடியா பிளேயர் கூடவே வருகிறது. சாதாரண ஹெச்.264 போதும் என்றால் இதையே வைத்துக்கொள்ளலாம். ஹெச்.265-க்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஒரு சேர்க்கை கேட்கும், அதற்குச் சிறு தொகை கட்டணும். அந்த வேலைக்கு வி.எல்.சி. காசில்லாமலே இருக்கிறது.

நிறுவல் கோப்பை எங்கிருந்து எடுப்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். வீடியோலேனின் சொந்தத் தளம், லினக்ஸ் என்றால் உங்கள் சாஃப்ட்வேர் மேனேஜர், விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரும் சரி. தேடினால் மேலே விளம்பரமாக வரும் இணைப்பைத் தொடாதீர்கள். 2022-இல் பல மாதங்கள் வீடியோலேன் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது, நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த நாட்களில் கண்ட தளங்களிலிருந்து எடுத்த கோப்பு உங்கள் பழைய பென்டிரைவில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இறக்குங்கள். 'கோடெக் பேக்' என்று வரும் மூட்டைகளும் வேண்டாம். இன்றைய பிளேயர்களுக்கு அவை தேவையில்லை, வேண்டாத சரக்கும் அவற்றோடு சேர்ந்து உள்ளே வரும்.

ஃப்ளாட்பேக், ஸ்னாப் என்ற வடிவங்களில் வரும் பிளேயர்கள் ஒரு வேலிக்குள் ஓடுபவை. பென்டிரைவைப் படிக்கவோ, பக்கத்தில் இருக்கும் சப்டைட்டில் கோப்பைத் தானாக எடுக்கவோ அனுமதி இல்லாமல் தடுமாறலாம். ஒரே பிளேயர் இரண்டு வடிவத்திலும் கிடைத்தால், புதியவர்கள் சாதாரண சிஸ்டம் பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தமிழ் சப்டைட்டில் சோதனை

இந்தச் சோதனையைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். ஒரு பிளேயர் தமிழர் வீட்டுக்கு டீஃபால்ட்டாக வர வேண்டுமென்றால் தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டியே ஆகணும். காது மந்தமான பெரியவர்கள் வசனத்தைப் படித்துத்தான் படம் பார்க்கிறார்கள். பிறமொழிப் படத்தைத் தமிழ் வரிகளோடு பார்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நோட்பேடையோ டெக்ஸ்ட் எடிட்டரையோ திறந்து இதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள்:

1
00:00:01,000 --> 00:00:10,000
கொலுசு, கோயில், கௌரி, பூக்கூடை, ஸ்ரீதர்

நொடிக்குப் பின் வருவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி அல்ல. உங்கள் சோதனை வீடியோவின் பெயர் 'திருவிழா' என்றால் இதற்கும் 'திருவிழா' என்றே பெயர் கொடுத்து, வாலில் எஸ்ஆர்டி என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் போட்டு, அதே ஃபோல்டரில் சேமியுங்கள். சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். இப்போது வீடியோவை ஓட்டுங்கள்.

'கொலுசு' என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். கொம்பு முதலில், நடுவில் ககரம், பிறகு கால் என்று மூன்றும் ஒட்டி வந்தால் பிளேயர் தேறிவிட்டது. கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று நடுவில் தெரிந்தாலோ, அந்த பிளேயருக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரியவில்லை. மிகப் பழைய பதிப்புகளில் இது நடக்கும். புதிய பதிப்பு போட்டாலே சரியாகும். அப்படியும் ஆகாவிட்டால் அதை டீஃபால்ட்டாக வைக்காதீர்கள்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். வி.எல்.சி.யில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், சப்டைட்டில்ஸ் பக்கத்தில் ஃபான்ட்டை மாற்றுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ, லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ். எம்பிவி, செல்லுலாய்டு போன்றவை கணினியில் ஏதாவது ஒரு தமிழ் எழுத்துரு இருந்தால் பெரும்பாலும் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். அதே பக்கத்தில் எழுத்தின் அளவையும் ஒருபடி பெரிதாக்கி, வெளிக்கோட்டைத் தடிமனாக்கி விடுங்கள். தமிழ் எழுத்துக்கு உள்ளே சுழி அதிகம், சின்ன அளவில் டிவியில் பார்த்தால் ஒன்றும் புரியாது.

மூன்றாவது கோளாறு, தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து குப்பையாக வருவது. உங்கள் சோதனைக் கோப்பு நன்றாகத் தெரிந்து, வெளியில் கிடைத்த ஒரு சப்டைட்டில் மட்டும் இப்படி வந்தால் அது பாமினி, டிஸ்கி போன்ற பழைய முறையில் தட்டச்சு செய்ததாக இருக்கும். பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏதாவது ஒரு யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் சரி.

வசனம் முந்தியோ பிந்தியோ வந்தால் வி.எல்.சி.யில் ஜி, ஹெச் விசைகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். எம்பிவி-யில் இசட், ஷிஃப்ட்டோடு இசட்.

ஐந்தாம் படி: உங்கள் வீட்டுக்கு மட்டுமான சோதனைகள்

பழைய கல்யாண டிவிடி இருப்பவர்கள், மாலை மாற்றும் காட்சிக்குப் போய் கை அசையும் இடத்தைப் பாருங்கள். கையின் ஓரத்தில் கிடைமட்டக் கோடுகளாகப் பிய்ந்து தெரிந்தால் அது இன்டர்லேஸ் பதிவு. அந்தக்கால டிவிக்கு அரைப்படம் அரைப்படமாக எடுத்தது. வி.எல்.சி., எம்பிவி இரண்டிலும் டி விசையை ஒருமுறை தட்டுங்கள், கோடுகள் போய்விடும். இந்த ஒரு விசை தெரியாமல் வீடியோவே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. அப்படியே அந்த டிவிடியைக் கணினிக்குள் நகல் எடுத்தும் வையுங்கள். வட்டு நாளாக நாளாகப் படிக்காமல் போகும், டிவிடி டிரைவ் உள்ள கணினிகளும் குறைந்துவருகின்றன. வீட்டு டிவிடிக்குப் பூட்டு இருக்காது, வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டரை முழுதாக நகல் எடுத்தால் போதும்.

நாதஸ்வரமும் கெட்டிமேளமும் காதைப் பிளக்க, மந்திரமும் பேச்சும் கேட்காமல் போகும் வீடியோக்களுக்கு வி.எல்.சி.யின் ஆடியோ அமைப்புகளில் 'நார்மலைஸ் வால்யூம்' என்பதை இயக்குங்கள்.

கடைக்காரர்களுக்கு: சிசிடிவி பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். வி.எல்.சி. 3-இல் ஈ விசை ஒரு ஃபிரேம் முன்னே நகர்த்தும், பின்னே நகர்த்த வழி இல்லை. எம்பிவி-யில் முற்றுப்புள்ளி விசை முன்னே, காற்புள்ளி விசை பின்னே. கொலுசு எண்ணிக்கையில் ஒரு ஜோடி குறைந்த அன்று இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். அதற்காக எம்பிவி-யை டீஃபால்ட்டாக்க வேண்டியதில்லை, கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்' வழியாகத் திறந்தால் போதும். சில டிவிஆர் பெட்டிகள் தமக்கே உரிய வடிவத்தில் பதிவைக் கொடுக்கும். எடுக்கும்போதே எம்பி4 அல்லது ஏவிஐ என்று தேர்ந்தெடுத்து எடுங்கள்.

பாட வீடியோ பார்க்கும் பிள்ளைகளுக்கு வேகம் மாற்றும் விசை வேண்டும். வி.எல்.சி., எம்பிவி இரண்டிலும் சதுர அடைப்புக்குறி விசைகள்தான். விட்ட இடத்திலிருந்து தொடங்குவதும் முக்கியம். வி.எல்.சி.யில் ப்ரிஃபரன்சஸின் முதல் பக்கத்திலேயே 'கன்டினியூ பிளேபேக்' என்று இருக்கும், அதை 'ஆல்வேஸ்' என்று வையுங்கள். எம்பிவி-யில் ஷிஃப்ட்டோடு க்யூ அழுத்தி மூடினால் இடத்தைக் குறித்துக்கொள்ளும். பொதுவாக மூடும்போதுதான் இடம் குறிக்கப்படும் என்பதால், யூபிஎஸ் இல்லாத கணினியில் கரன்ட் போனால் எங்கே விட்டோம் என்று நீங்களேதான் தேடணும்.

ஆறாம் படி: டீஃபால்ட்டாக அமைத்தல்

இப்போது முடிவுக்கு வரலாம். என் கருத்து இது: விண்டோஸில் வி.எல்.சி.யை வையுங்கள். மின்ட்டில் செல்லுலாய்டு உங்கள் கோப்புகளை எல்லாம் திறந்தால் அதையே விட்டுவிடுங்கள், டிவிடி அதிகம் பார்க்கும் வீடு என்றால் மட்டும் வி.எல்.சி.க்கு மாற்றுங்கள். மிகப் பழைய கணினி, பார்ப்பவரும் விசைப்பலகைக்குப் பழகியவர் என்றால் எம்பிவி.

கணினிக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது, இந்த வகைக் கோப்புக்கு இந்தச் செயலி என்று. டீஃபால்ட் என்பது ஒரே சுவிட்ச் இல்லை, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வரி. எம்பி4-க்கு மாற்றிவிட்டு எம்கேவி-யைத் திறந்தால் பழைய பிளேயரே வருவதற்குக் காரணம் இதுதான்.

எல்லாக் கணினிக்கும் பொருந்தும் வழி ரைட் கிளிக். விண்டோஸில் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', பிளேயரைத் தேர்ந்து 'ஆல்வேஸ்'. மொத்தமாகச் செய்ய செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போய் வி.எல்.சி.யைத் திறந்தால் அது திறக்கக்கூடிய எல்லா வகையும் வரிசையாக வரும், ஒவ்வொன்றாக மாற்றலாம். மின்ட்டில் 'ப்ரிஃபர்ட் அப்ளிகேஷன்ஸ்' என்ற ஜன்னலில் வீடியோவுக்கு எதிரே தேர்ந்தெடுத்தால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். க்னோமில் செட்டிங்ஸுக்குள் ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ். கேடிஇ-யில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ். மேக்கில் கோப்பைத் தேர்ந்து கமாண்டும் ஐ-யும் அழுத்தி, 'ஓப்பன் வித்' பகுதியில் பிளேயரை மாற்றி 'சேஞ்ச் ஆல்'.

எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ, வெப்எம், 3ஜிபி, எம்டிஎஸ், விஓபி இத்தனையையும் மாற்றுங்கள். விசிடி-யில் இருக்கும் டிஏடி வகையை மட்டும் தொடாதீர்கள். வேறு பல செயலிகளும் தங்கள் தகவல்களை அதே வாலோடு வைத்திருக்கும், எல்லாம் பிளேயரில் திறந்து குழப்பும். விசிடி பார்க்கும் நாளில் பிளேயரைத் திறந்து அதன் 'ஓப்பன்' மெனு வழியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அமைத்தபின் 'சோதனை' ஃபோல்டரில் உள்ள ஒவ்வொன்றையும் டபுள் கிளிக் செய்து பாருங்கள். நீங்கள் செய்வதைவிட, அந்தக் கணினியை அதிகம் பயன்படுத்தப் போகிறவரையே உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். எங்கே கை தயங்குகிறது என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். நிறுத்த ஸ்பேஸ் பார், முழுத்திரைக்கு எஃப் என்ற இரண்டையும் காட்டிக் கொடுங்கள். முழுத்திரையிலிருந்து வெளியே வர எஸ்கேப் விசையைச் சொல்ல மறக்காதீர்கள், திரையில் மாட்டிக்கொண்டு கணினியையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு.

இந்த அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனி. வீட்டில் அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருந்தால் இரண்டிலும் நுழைந்து ஆறாம் படியைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். விண்டோஸில் பெரிய அப்டேட் வந்தபின் பழைய பிளேயர் திறந்தால் அதே ஜன்னலுக்குப் போய் மறுபடி தேர்ந்தெடுத்துவிடுங்கள்.